மண்வெட்டிக்கு முன்னே தண்ணீர்ப் பங்கு: நீர்வடிப் பகுதித் திட்ட மேலாளரின் வேலை என்ன?

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கு வரும். கொரட்டூர் ஏரியும் நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்குப் போகும். இந்த ஏரிச் சங்கிலியை ஒட்டிய பாடி, இன்று தொழிற்சாலைகளாலும் மேம்பாலத்தாலும் அறியப்படுகிற ஊர். 1960-களில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் போன்ற ஆலைகளும் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. சுற்று வட்டாரத்து ஆயக்கட்டு நிலங்கள் படிப்படியாக மனைகளாயின. ஏரிகள் மட்டும் நின்றன.

ஏரி நின்றாலும் அதைக் காத்து வந்த ஏற்பாடு நிற்கவில்லை. ஆயக்கட்டு இருந்தவரை மதகைத் திறக்கவும் மூடவும் நீர்க்கட்டி ஒருவர் உண்டு. அவருக்குக் களத்தில் நெல் அளப்பார்கள். வரத்துக்கால் தூர்ந்தால் கடைமடைக்காரர்தான் முதலில் குரல் கொடுப்பார். ஏனென்றால் முதலில் காய்வது அவருடைய வயல். ஏரித் தண்ணீரில் ‘இது என் பங்கு’ என்று கேட்க ஆளில்லாமல் போன பிறகு, தண்ணீர் வந்த வழியிலேயே கழிவுநீரும் வந்தது. கடைசியில் கொரட்டூர் ஏரிக்காக அங்கே குடியிருக்கும் மக்கள் ஒன்றுகூடி, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல வேண்டியதாயிற்று. அவர்களும் ஒருவகையில் ஏரியில் பங்கு கேட்டவர்களே. நிலத்தடி நீரும் நல்ல காற்றும் அவர்கள் கேட்ட பங்கு.

பாடியில் இனி நெல் விளையப் போவதில்லை. ஆனால் மேற்கே பூண்டி நீர்த்தேக்கத்துக்கும் அப்பால், திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் மேட்டு நிலம் வைத்துள்ள சிறு விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மேடுகளில் பெய்யும் மழைதான் கொசஸ்தலையாற்றில் சேர்ந்து, 1944-ல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. மழையோடு மண்ணும் வருகிறது. மண் போனது மேட்டுக்காரருக்கு நஷ்டம். வந்து படிந்தது ஏரிக்கு நஷ்டம். இரண்டு நஷ்டத்தையும் ஒரே வேலையில் தடுப்பதுதான் நீர்வடிப் பகுதித் திட்டம்.

நீர்வடிப் பகுதி என்றால் புதிதாக ஒன்றுமில்லை. ஒரு முகட்டில் விழுந்த மழை எந்தெந்த நிலத்தின் வழியாக ஓடி ஓர் ஓடையிலோ ஏரியிலோ சேருகிறதோ, அந்த நிலம் முழுவதும் ஒரு நீர்வடிப் பகுதி. அதற்குப் பட்டா எல்லை தெரியாது, ஊராட்சி எல்லையும் தெரியாது. ஒரு முகட்டின் இரு பக்கமும் ஒரே ஊராக இருக்கலாம். ஒரே ஓடைக்கு மூன்று ஊர்கள் தண்ணீர் தரலாம். அதனால்தான் இந்த வேலைக்குத் தனியாக ஒரு திட்ட மேலாளர் தேவைப்படுகிறார்.

ஊருக்குள் அவர் வரும்போது வரைபடமும் அளவு நாடாவும் கொண்டு வருவார். அவரைப் பொறியாளர் என்று நினைப்பவர்கள் உண்டு; காண்ட்ராக்டர் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. வரப்புப் போடுவதும் தடுப்பணை கட்டுவதும் அவர் வேலையில் எளிதான பாதி. சேருகிற தண்ணீர் யாருக்கு, எவ்வளவு என்று மண்வெட்டி எடுக்கும் முன்பே ஊரைப் பேச வைப்பது கடினமான பாதி. இதைச் செய்யாத மேலாளர் எவ்வளவு சுறுசுறுப்பானவர் ஆனாலும், அவர் போன மூன்றாம் ஆண்டில் வரப்பு உடைந்து கிடக்கும்.

சுக்கோமஜ்ரி சொல்லும் பாடம்

இதற்கு நாடறிந்த உதாரணம் வடக்கே இருக்கிறது. சண்டிகர் நகரத்துக்காக 1958-ல் சுக்னா என்ற ஏரியை உண்டாக்கினார்கள். இருபது ஆண்டு ஆவதற்குள் கொள்ளளவில் பாதிக்கு மேல் மண் நிரம்பிவிட்டது. தூர் வாரினால் அடுத்த மழையில் மறுபடி மண். சண்டிகரில் இருந்த மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பி.ஆர். மிஸ்ரா, ஏரியை விட்டுவிட்டு மண் வரும் வழியைப் பிடித்து மேலே நடந்தார். வழி சிவாலிக் குன்றடியில் சுக்கோமஜ்ரி என்னும் சிற்றூரில் போய் முடிந்தது. ஆடு மாடு மேய்த்துப் பிழைத்த ஏழைக் குடும்பங்களின் ஊர் அது. குன்றுகள் மொட்டையாக இருந்தன.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் அங்கும் செய்தார்கள். பள்ளம் வெட்டி, ஓடையில் தடுப்புப் போட்டு, மரக்கன்று நட்டார்கள். ஆடுகள் வந்து தின்றன. மேய்க்காதே என்று சொன்னால் கேட்பார்களா? கீழேயுள்ள நகரத்து ஏரிக்காக மேலேயுள்ளவன் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? நியாயமான கேள்விதான்.

1976-ல் ஊருக்கு மேலே ஒரு சிறு மண் அணை கட்டப்பட்டது. மழை பொய்த்த ஒரு பருவத்தில் அந்தத் தண்ணீரைக் கீழே விட்டதில் வாடிய கோதுமை பிழைத்தது. அப்போதுதான் தண்ணீரின் அருமை ஊருக்குப் புரிந்தது. சிக்கலும் அப்போதே பிறந்தது. தண்ணீர் எட்டியது சில பேர் வயலுக்கு மட்டும். மேய்ச்சலை நிறுத்திய மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ‘பலன் அவர்களுக்கு, கஷ்டம் எங்களுக்கா’ என்ற பேச்சு எழுந்தது.

திட்டம் பிழைத்தது அதன் பிறகு எடுத்த ஒரு முடிவால். நிலம் அதிகமுள்ள குடும்பமோ, குறைவாக உள்ள குடும்பமோ, நிலமே இல்லாத குடும்பமோ, எல்லாருக்கும் அணை நீரில் சம பங்கு. நிலமில்லாதவர் தம் பங்குத் தண்ணீரை நிலமுள்ளவருக்கு விற்கலாம், அல்லது வாரத்துக்குச் சாகுபடி செய்யலாம். பதிலுக்கு யாரும் குன்றில் ஆடு விடக்கூடாது. கம்பி வேலியும் இல்லை, காவல்காரரும் இல்லை. ஒருவர் ஆட்டை விட்டால் பாழாவது தம் பங்கும் என்பதால் ஊரார் ஒவ்வொருவரும் காவல்காரர் ஆனார்கள். வெள்ளாடுகள் குறைந்து, கட்டித் தீனி போட்டு வளர்க்கும் எருமைகள் பெருகின. குன்றில் கயிறு திரிக்க உதவும் பாபர் புல் தழைத்தது. அந்தப் புல்லை வெட்டும் குத்தகை வெளி காண்ட்ராக்டருக்குப் போகாமல் ஊர்ச் சங்கத்துக்கே கிடைத்தது. சுக்னாவுக்கு அந்த வழியில் வந்த மண்ணும் பெருமளவு குறைந்தது.

ஆனால் இந்தக் கதையை இத்துடன் நிறுத்துவது சரியல்ல. பின்னாளில் வருமானத்தைப் பங்கிடும் விதிகளை வனத்துறை மாற்றியது. ஊருக்கு வந்த பங்கு சுருங்கியது. பங்கு சுருங்கவே அணைகளைப் பராமரிக்கும் ஊக்கமும் தளர்ந்தது. பங்கு கிடைத்தபோது ஏறிய வேலை, பங்கு குறைந்தபோது இறங்கியது. பாடிக்கும் சுக்கோமஜ்ரிக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் இருந்தாலும் கணக்கு ஒன்றே.

ஆலை நடத்தியவர் எடுத்த வேலை

மகாராஷ்டிரத்தில் புனே நகரில் பொறியியல் தொழிற்கூடம் நடத்தி வந்தவர் விலாஸ்ராவ் சாலுங்கே. 1972-ம் ஆண்டுப் பஞ்சத்தைப் பார்த்தபின் புரந்தர் வட்டத்து நாய்காவ் என்ற ஊரில் கோயிலுக்குச் சொந்தமான தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மேட்டிலிருந்து வரப்பும் குட்டையுமாக அமைத்துக் காட்டினார். அவர் தொடங்கிய ‘பானி பஞ்சாயத்’, அதாவது தண்ணீர்ப் பஞ்சாயத்து, நிலத்தின் அளவைப் பார்க்காமல் தலையை எண்ணியது. ஆளுக்கு அரை ஏக்கருக்கு உரிய தண்ணீர். ஒரு குடும்பத்துக்கு அதிக அளவு இரண்டரை ஏக்கர். நிலமில்லாதவருக்கும் உரிமை உண்டு. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை நிலத்தோடு போகாது, சங்கத்துக்கே திரும்பும். கரும்பு போடக்கூடாது. செலவில் ஐந்தில் ஒரு பங்கைப் பயனாளிகளே தர வேண்டும். பணம் போட்டவன் பள்ளத்தைப் பார்த்துக்கொள்வான் என்பது அந்த ஏற்பாட்டின் கணக்கு.

கரும்புக்குத் தடை என்றதும் நம் விவசாயிகளுக்குக் கோபம் வரலாம். அது கரும்பின் மீதுள்ள வெறுப்பு அல்ல. ஒருவர் ஒரு ஏக்கர் கரும்புக்கு இறைக்கும் தண்ணீரில் பல பேர் கம்பும் நிலக்கடலையும் எடுக்கலாம். அதே மாநிலத்தில் ஹிவ்ரே பஜார் என்ற ஊர், சாகுபடிக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்று தனக்குத் தானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. ஆண்டுதோறும் மழைக்குப் பின் இருப்புத் தண்ணீரைக் கணக்கிட்டு, அதற்குத் தக்கபடி பயிரையும் முடிவு செய்கிறது.

சிறு விவசாயிக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பொதுப் பணத்தில் தடுப்பணை கட்டி நிலத்தடி நீரை உயர்த்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரப்புக்கு நிலம் விட்டுக்கொடுத்தவர் இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர். அவருக்குக் கிணறு இல்லை. ஓடைக்கரையில் ஆழ்துளைக் கிணறும் பெரிய மோட்டாரும் வைத்திருப்பவர் வேறொருவர். ஏறிய நீர் முழுவதும் அவர் தோட்டத்துக்குப் போய்விடும், அல்லது லாரியில் நகரத்துக்கு விலை போகும். சட்டப்படி அதைக் கேட்பது எளிதல்ல. ஆகவே வேலை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். கூட்டுக் கிணறு உண்டா, பக்கத்து மானாவாரி நிலத்துக்கு உயிர்த் தண்ணீர் ஒன்றிரண்டு முறை தருவதற்குக் கிணற்றுக்காரர் சம்மதிக்கிறாரா, புதிய ஆழ்துளைக் கிணறு பற்றி ஊர் முடிவு என்ன என்பவற்றை எழுத்தில் வாங்காமல் திட்ட அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நல்லதல்ல.

ஆடு மேய்ப்பவர்களையும், ஏரியில் மீன் பிடித்தும் விறகு பொறுக்கியும் வாழும் இருளர் குடும்பங்களையும் பேச்சில் சேர்க்க வேண்டும். புல்லுக்குத் தடை போட்டால் முதல் நாளே அடி விழுவது அவர்களுக்குத்தான். 2008-ம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டி நெறிகளே, நீர்வடிப் பகுதிக் குழுவில் பாதிப் பேர் சுய உதவிக் குழுவினர், பயனாளிகள் குழுவினர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோரின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கின்றன. பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. அவர்கள் கூலி வேலைக்குப் போகும் பகல் வேளையில் கூட்டம் போடும் மேலாளரிடம், மாலையில் வையுங்கள் என்று சொல்ல வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

மேற்சொன்ன நெறிகளின்படி சமவெளியில் ஹெக்டேருக்கு 12,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் இது 22,000 ரூபாயாகவும், மலைப்பாங்கான இடங்களில் 28,000 ரூபாயாகவும் உயர்ந்தது. பழைய கணக்கில் 5,000 ஹெக்டேர் கொண்ட ஒரு திட்டத்தைப் பார்ப்போம். மொத்தம் 6 கோடி ரூபாய். 2011-ல் திருத்திய பங்கீட்டில் வரப்பு, குட்டை, தடுப்பணை போன்ற வேலைகளுக்கு நூற்றுக்கு 56, அதாவது 3 கோடியே 36 லட்சம். நிர்வாகத்துக்கு நூற்றுக்கு 10. ஊரார் நம்பிக்கையைப் பெறச் செய்யும் தொடக்க வேலைக்கு 4. சங்கம் அமைத்தலுக்கும் பயிற்சிக்கும் 5, அதாவது 30 லட்சம்.

எல்லாருடைய கண்ணும் 3 கோடியே 36 லட்சத்தின் மேல் இருக்கும். ஆனால் திட்டம் நிற்பதும் விழுவதும் அந்த 30 லட்சத்தில்தான். தண்ணீர்ப் பங்கு பேசுவது, மேய்ச்சல் பேசுவது, கணக்கெழுதப் பழக்குவது எல்லாம் அதில் அடக்கம். இந்தப் பணத்தைப் பேனர் கட்டியும் மதியச் சாப்பாடு போட்டும் செலவழித்துவிட்டால், மீதிப் பணத்தில் கட்டிய கல்லும் மண்ணும் அநாதையாகிவிடும்.

இன்னொரு தொகையும் உண்டு. அது விவசாயியின் சொந்தப் பணம். தன் நிலத்தில் நடக்கும் வேலைக்கு, செலவில் நூற்றுக்கு 10 பங்கு அவர் செலுத்த வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 5 பங்கு. இது ‘நீர்வடிப் பகுதி மேம்பாட்டு நிதி’ என்ற தனிக் கணக்கில் சேரும். திட்டம் முடிந்த பிறகு பொது இடத்துத் தடுப்பணை, குட்டை முதலியவற்றைப் பழுது பார்க்க வைத்துள்ள பணம் இது. செலுத்தியதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். சில இடங்களில் கூலியில் பிடித்துக்கொண்டு, விவசாயிக்குத் தெரியாமலே கணக்குக் காட்டிவிடுவது உண்டு. தெரியாமல் கொடுத்த பணத்தை யாரும் கேட்கப் போவதில்லை.

வயலில் பார்க்க வேண்டியவை

வேலை முகட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு வர வேண்டும். கீழே தடுப்பணையை முதலில் கட்டுவது மேலாளருக்குச் சுலபம். ஒரே இடம், ஒரே பில், திறப்பு விழாவுக்கும் ஏற்றது. ஆனால் மேட்டில் மண்ணைப் பிடிக்காமல் கட்டிய அணை சில மழையிலேயே வண்டல் தொட்டியாகிவிடும்.

மழையின் அளவு எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 10 மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 40,000 லிட்டர். 40 மில்லி மீட்டர் கொட்டும் ஒரு நல்ல மழையில், நாலில் ஒரு பங்குதான் வழிந்தோடுகிறது என்று கொண்டாலும் இரண்டு ஏக்கரிலிருந்து சுமார் 80,000 லிட்டர் போய்விடும். மேலே 15 மீட்டருக்கு 15 மீட்டர், அடியில் 11-க்கு 11, ஆழம் 2 மீட்டர் கொண்ட பண்ணைக் குட்டை சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் கொள்ளும். அத்தகைய மழை நாலைந்து பெய்தால் குட்டை நிரம்பும். காய் பிடிக்கும் நேரத்தில் வானம் ஏமாற்றினால், வெயிலில் ஆவியானதும் மண்ணில் கசிந்ததும் போக மிஞ்சியது நிலக்கடலைக்கு ஓர் உயிர்த் தண்ணீர்.

சமமட்ட வரப்புக்குக் கண்ணால் மட்டம் பார்ப்பது ஆகாது. கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய் போதும். இரண்டு கம்பும் ஒரு குழாயும் இருந்தால் ஊர் இளைஞர்களே மட்டம் எடுத்துவிடலாம். மட்டம் தவறிய வரப்பில் தண்ணீர் ஒரு மூலையில் கூடி அங்கேயே உடைத்துக்கொண்டு போகும். வரப்புக்கு ஒரு வழிந்தோடி கட்டாயம் வேண்டும். அதன் நீர் பக்கத்து வயல்காரரின் நாற்றங்காலில் விழாதபடி இடம் பார்த்து வைக்க வேண்டும். நீர்வடிப் பகுதியில் எழும் சண்டைகளில் பல இந்த ஒரு சாண் இடத்தால் வருபவை. வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைத்தால் மண் பிடிபடும், மாட்டுக்கும் தீனி ஆகும்.

ஓடையில் போடும் கல் தடுப்புகளின் இடைவெளிக்கு எளிய விதி உண்டு. கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் மேல் தடுப்பின் அடிமட்டமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தடுப்பின் நடுப்பகுதி இரு கரைகளையும்விடத் தாழ்ந்திருக்க வேண்டும். நடு உயர்ந்தால் வெள்ளம் கரையை அறுக்கும்.

அளவைச் சரிபார்க்கவும் தயங்க வேண்டாம். 3 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் கொண்ட ஒரு அகழி முக்கால் கன மீட்டர். நூறு அகழி வெட்டினால் 75 கன மீட்டர். அளவுப் புத்தகத்தில் 110 என்று எழுதியிருந்தால் மீதி 35 கன மீட்டர் எங்கே என்று கேட்கலாம். நல்ல மேலாளர் இந்தக் கேள்வியை விரும்புவார். தம் கீழ் வேலை செய்வோரைக் கட்டுப்படுத்த அவருக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

மண் வேலை மாசிக்கும் வைகாசிக்கும் இடையே முடிய வேண்டும். அறுவடை முடிந்திருக்கும், ஆட்களும் கிடைப்பார்கள். நிதியாண்டு முடிகிறது என்று அவசரப்பட்டு எழுதும் பில்லும், நிதி தாமதமாக வந்ததென்று ஐப்பசியில் வெட்டும் வரப்பும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. புது மண் வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளத்தோடு போய்விடும்.

கேட்பதற்கு உரிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22 உலக தண்ணீர் தினத்திலும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்திலும் சபை கூட்டும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு 2022-ல் செய்தது. மார்ச் சபைக்குத் தண்ணீர்ப் பங்கு ஒப்பந்தத்தையும் வேலைத் திட்டத்தையும் கொண்டு போகலாம். ஆகஸ்ட் சபையில் அளவுப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லலாம். அக்டோபர் 2-ம் தேதி சபைக்குள், பருவமழைக்கு முன் வரப்புகளை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்து, உடைப்பு எங்கே, அடைக்கப் போவது யார் என்று பெயரோடு எழுதிக்கொள்ளலாம். மேம்பாட்டு நிதியின் வங்கிப் புத்தகத்தை அந்தச் சபையில் மேசை மேல் வைக்கும்படி கேட்க வேண்டும். திட்ட மேலாளர் மாற்றலாகிப் போகும் முன், அந்தப் புத்தகம் யார் கையில் இருக்கும், யார் இருவர் கையெழுத்திட்டால் பணம் எடுக்கலாம் என்பதும் தீர்மானமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.